பதினெட்டு மீற்றர் வயர்

"மதீசன், ஒரு ஸ்பீக்கருக்கு மூண்டு மீற்றர் வயர், மற்றதுக்குப் பதினெட்டு மீற்றர் வெட்டித் தாரும்" என்றார் யோகராணி.

ஜேர்மனியின் ஹனோவரில் ஸ்டீரியோ கடையொன்றில் வேலை செய்த மதீசன் வியப்போடு நிமிர்ந்தான். "அக்கா, ரெண்டும் ஒரே நீளமா இருந்தால்தான் நல்லது. தூரம் கூடினால் தடிச்ச வயரும் வேணும். ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோறியள்?"

"அவர் இப்ப கடைசி அறையிலைதான் படுக்கிறார். பாட்டு இல்லாட்டி அவருக்கு நித்திரை வராது."

அவருடைய கணவர் கணேசலிங்கத்துக்கு என்ன நோயோ என்று மதீசனுக்கு மனம் கனத்தது. தடித்த வயரில் சம அளவாக இரண்டு துண்டுகள் வெட்டினான். தானே வீட்டுக்கு வந்து பொருத்தித் தருவதாகவும் சொன்னான்.

மாலையில் ஸ்டீரியோ இருந்த முன்னறையிலிருந்து சுவரோரமாக வயரை இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனான். கணேசலிங்கம் திடமாக நின்று தன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, சின்ன மின்னடுப்பு.

"சுகமில்லையெண்டு நினைச்சன், அண்ணை."

"சுகத்துக்குக் குறையில்லை. விவாகரத்துக்கு முதல் ஒரு வருசம் பிரிஞ்சிருக்க வேணுமாம். ஒரே வீட்டுக்குள்ளையும் பிரிஞ்சிருக்கலாமெண்டு வக்கீல் சொன்னார். எல்லாம் பிரிச்சாச்சு. ஸ்டீரியோ மட்டுந்தான் இன்னும் ரெண்டுபேருக்கும் ஒண்டு."

மதீசன் குனிந்து வயரை ஸ்பீக்கரில் பூட்டினான். பாட்டு எழுந்தது.

"மதீசன், அங்கை வடிவாக் கேக்குதோ எண்டு கேளும்" என்று முன்னறையிலிருந்து யோகராணியின் குரல் வந்தது.

கணேசலிங்கம் திறந்திருந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கேக்குதெண்டு சொல்லும்" என்றார் மதீசனிடம்.