ஒன்லி நின்ற இடம்

சம்ஃபியா நீதிமன்றத்தின் தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுத் தட்டுகிறது. மீன் விற்கும் கசோன்டே சாட்சிக் கூண்டில் பெம்பா மொழியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிசாங்கா இப்போதுதான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருக்கிறார்: எரிந்த கொட்டகையருகே “ஐ ஒன்லி சா கடோங்கோ.” தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கடோங்கோவின் வக்கீல் சட்டென்று எழுகிறார். “பார்த்தது மட்டும்தான்னு சாட்சியே சொல்றாங்க, ஐயா. தீ வச்சவன் வேற ஆளா இருக்கலாமே.” சிசாங்காவின் உதடுகள் ஓசையின்றி அசைகின்றன. பழக்கதோஷத்தில் ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் வைத்துவிட்டார். பின்னால் வைத்துப் பார்க்கிறார், வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிப் பார்க்கிறார். பெம்பாவில் ஒட்டிய இடத்தில் அப்படியே கிடக்கும் ‘மட்டும்’ என்ற சொல், ஆங்கிலத்தில் நகர நகர வேறொன்றைத் தொடுவது அவருக்கு விந்தையாக இருக்கிறது. கசோன்டே பக்கம் திரும்புகிறார். “அம்மா, பார்த்தது மட்டுமா, அவரை மட்டுமா?” அவள் முகம் சுளிக்கிறாள். “கண்ணு இருந்தா பார்க்கத்தானே செய்யும்? அங்க தீப்பந்தத்தோட நின்னது அவன் ஒருத்தன்தான்.” சிசாங்கா நீதிபதியை நோக்கிக் குனிகிறார். “பிழை என்னோடது, ஐயா. ஐ சா ஒன்லி கடோங்கோ.” நீதிபதியின் பேனா ஒரு சொல்லை அடித்து, சற்றுத் தள்ளி எழுதுகிறது. வக்கீல் மெல்ல உட்கார்கிறார்.

ஆங்கிலம் அறியாத கடோங்கோ அந்தப் பேனாவையே பார்க்கிறான்.

“என்னண்ணே மாத்தினீங்க?”

“ஒரு சொல்லைத் தள்ளி வச்சேன்.”

“எங்க?”

சிசாங்கா அவன் கண்ணைப் பார்க்கிறார்.

“உன் பேருக்குப் பக்கத்துல.”