பேசாத ரேடியோ

"சொல்லும்மா... உன் பேரைச் சொல்லு. மேடம் கேட்கிறாங்கள்ல?"

ரேடியோ அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வயதுக்காரிக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் அது. வீட்டில் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்தப் பொத்தானே கிடையாது.

அட்மிஷன் மேடம் பொறுமைசாலி. தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குழந்தைகள் உட்காரும் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். கலர் பென்சில்களை நீட்டி மறுபடியும் ஆங்கிலத்தில் கேட்டார். இது என்ன நிறம்? உனக்கு நாய்க்குட்டி பிடிக்குமா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் ரேடியோ உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டில் நன்றாகப் பேசுவாள், புது இடம், அதனால்தான் என்று அம்மா இழுத்தாள். ஏற்கெனவே மூன்று பள்ளிகளில் சொன்ன அதே பாட்டு. அவளுக்கே அது அலுத்துப் போயிருந்தது.

மேடம் வருத்தமாகச் சிரித்தார். குழந்தை இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாமே என்றார். தேன் தடவிச் சொன்னாலும் இல்லை என்றால் இல்லைதான்.

வாசலில் விசிட்டர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது அம்மாவுக்குக் கால் விண்விண்ணென்று வலித்தது. இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதமாகப் போகிறது. பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியதைத் தவிர அவள் வேறெதையும் பார்த்தபாடில்லை. நீச்சல் குளம், இசை அறை, சுவர் நிறைய உலக நாட்டுக் கொடிகள். எந்தப் பள்ளியில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிவிட்டது.

பள்ளிகள் திறப்பதற்குள் எங்காவது இடம் கிடைத்தாக வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி அமையாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று அவள் கணவரின் கம்பெனியில் ஒரு சலுகை உண்டு. அமைந்துவிட்டாலோ மூன்று வருஷத்துக்கு அசைய முடியாது. அவர் மேலதிகாரியிடம் நடையாய் நடந்து கேட்டு வாங்கிய மாற்றல் இது. சொந்தபந்தத்துக்கெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் அவரே போன் செய்தார்.

"என்னாச்சு?"

"இங்கேயும் இல்லைன்னுட்டாங்க. ஒரு வார்த்தை பேசலைங்க இவ."

"சரி, விடு."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நாள் நெருங்குதே!"

"அதுக்கு என்ன பண்றது? குழந்தையைத் திட்டாதே. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ. அந்தப் பெட்டிங்களை எல்லாம் பிரிச்சுட்டு உட்காராதே, ஸ்கூல் முடிவாகட்டும்."

குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அந்தப் பொறுமைதான் அவளை வதைத்தது. நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த ரேடியோ உடனே பாட ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பென்சில் ஊதா. எனக்குத் தெரியும். அந்தக் குளத்துல தண்ணி ஏன் அவ்வளவு நீலமா இருக்கு? நாய்க்குட்டி பிடிக்கும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சும்மா. கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டேன்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. குழந்தையின் வாய்க்குப் பூட்டுப் போட்டவளே அவள்தான்.

முதல் பள்ளிக்குக் கிளம்பிய அன்று, தலை பின்னிக்கொண்டே காதோடு சொன்னாள். யார் என்ன கேட்டாலும் பேசாதே, அப்பாவிடம் மூச்சு விடாதே, நாம் ஊருக்கே போய்விடலாம் என்று. இந்த இடம் அவளுக்கு ஒட்டவே இல்லை. அங்கே விட்டுவிட்டு வந்த வேலை, இங்கே பேச ஆளில்லாத பகல், ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவர். இத்தனை ஆசையாக அழைத்து வந்த மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

இப்போது தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. கட்டின புருஷனை ஏமாற்றுவது போதாதென்று, பச்சைப் பிள்ளையை வேறு நடிக்க வைத்திருக்கிறாள். மூன்று வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு, அம்மா உனக்குச் சொன்னது தப்புடா. நாளைக்கு இன்னொரு ஸ்கூலுக்குப் போறோம். அதுதான் கடைசி. அங்க என்ன கேட்டாலும் டக்கு டக்குன்னு பதில் சொல்லிடணும். சரியா?"

ரேடியோ திருதிருவென்று விழித்தாள்.

"நிஜமா பேசணுமா?"

"ஆமாடா. அப்பா பாவம் இல்லையா? உனக்கு இடம் கிடைச்சுதுன்னா எவ்வளவு சந்தோஷப்படுவாரு!"

"ஐயோ, திட்டுவாரும்மா!"

"அப்பா எதுக்குடா திட்டப் போறாரு?"

ரேடியோ அக்கம்பக்கம் பார்த்தாள். பெஞ்சின் மேல் முட்டி போட்டு, அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதாம்... அவரும் வாயே திறக்காதேன்னுதான் சொல்லியிருக்காரு."