நரியின் இடது கை

ஆம்ஸ்டர்டாம் கால்வாயின் காலை வெளிச்சம் அச்சுப் பட்டறைக் கூரையில் நெளிகிறது. யோஸ்ட் ஈரத் தாளைச் செப்புத் தகட்டிலிருந்து மெல்ல உரிக்கிறான். தாளில் சிங்கராஜாவின் சபை தெரிகிறது: இறந்த கோழியைச் சுமந்து வந்த சேவல், தொப்பியைக் கழற்றும் கரடி, நடுவில் கை தூக்கிச் சத்தியம் செய்யும் நரி. யோஸ்ட்டின் முகம் சுருங்குகிறது. தகட்டில் வரைந்தவளான தங்கை நீல்ட்யேவைக் கூப்பிடுகிறான்.

"நரி இடது கையைத் தூக்கியிருக்கே. தகட்டுல வரையறது தாள்ல இடம் வலமா மாறி விழும்னு மறந்துட்டியா? எவன்டி இடது கையால சத்தியம் பண்ணுவான்?"

அமிலம் கறுக்க வைத்த விரல்களை மேலங்கியில் துடைத்தபடி அவள் வருகிறாள்.

"சிங்கத்தோட செங்கோல் எந்தக் கையிலண்ணே?"

"வலது."

"கரடி தொப்பி?"

"அதுவும் வலதுதான்."

"பொய்ச் சத்தியம் பண்றவன் மட்டும்தான் இடது."

யோஸ்ட் மறுபடி நரியைப் பார்க்கிறான். அவன் மீசைக்கடியில் சிரிப்பு துடிக்கிறது. எல்லாத் தகடுகளிலும் இதுவரை தன் பெயர் மட்டுமே ஏறிவந்த மூலையை உள்ளங்கையால் துடைத்து, அவள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறான். நீல்ட்யே ஊசியை எடுக்கிறாள். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல், எங்கும் தயங்காமல் தன் பெயரைக் கீறுகிறாள்.