பைனாகுலர் பெட்டிக்குள்

"பைனாகுலர் பெட்டியா? நான் கிளாஸ் எடுக்கப் போறேனா, காட்டுக்குப் புலி பார்க்கப் போறேனா?"

டீச்சர் கேட்டதும் அவள் கணவர், கண்ணாடிக் கடைக்காரர், கையிலிருந்த கறுப்புத் தோல் பெட்டியை மேஜைமேல் வைத்தார். கடையில் விலை போகாமல் கிடந்த பைனாகுலரின் பெட்டி அது. தோளில் மாட்ட வார், உள்ளே மெத்தென்ற துணி. இதைவிட நல்ல பெட்டி உலகத்திலேயே கிடைக்காது என்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றார்.

"கிளாஸும் ஒரு காடுதான்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே?"

"அதை நான் சொல்லலாம். நீங்க சொல்லக்கூடாது."

மேஜை நடுவில் டீச்சரின் குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகைதான். ஆனால் அதை வைத்திருந்த பிளாஸ்டிக் கூடு செருப்புப் பெட்டி அளவுக்கு இருந்தது. பூனைக்கு யானைச் சட்டை. வீட்டுக்குள் அறைக்கு அறை தூக்கி வைக்க அது போதும். ஆனால் நீண்ட விடுப்பு முடிந்து திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்குத் திரும்புகிறாள். மாடிப்படி ஏறி, வகுப்புக்கு வகுப்பு அதைச் சுமக்க முடியாது. அது இல்லாமல் அவளால் பாடம் எடுக்கவும் முடியாது.

ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்திப் பழகிய கை அவருடையது. பலகை அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, பெட்டிக்குள் இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்தார்.

"அடியில பேட்டரி. அதுக்கு மேல பலகை. இந்த ஓரத்துல ஃபேன்."

"ஃபேன் காத்து என் இடுப்புலல்ல அடிக்கும்?"

"அடிக்கட்டுமே. வெயிலுக்கு இதமா இருக்கும்."

"அது சூட்டுக் காத்துங்க!"

"சரி தாயே, திருப்பி வச்சுடறேன்."

"ஸ்பீக்கர் வெளிப்பக்கம் பார்க்கணும். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும். என் வாலுங்க எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கும்."

"அதுக்கு அப்பவே ஓட்டை போட்டாச்சு. தொட்டுப் பாரு."

மடியிலிருந்த கீபோர்டை விட்டு ஒரு கையை எடுத்து அவள் தொட்டுப் பார்த்தாள். அவள் கோபமாகச் சொல்கிறாளா, கேலியாகச் சொல்கிறாளா என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்ற இறக்கமே இருக்காது. புருவத்தைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தப் புருவம் அத்துப்படி. இப்போது அது திருப்தியாக இருந்தது.

"அப்போ ஆஃப் பண்ணட்டுமா?"

"இருங்க, இருங்க. எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி. மிஞ்சிப் போனா ஒரு மணி."

"அப்படின்னா சொல்ல வேண்டியதை எல்லாம் இப்பவே சொல்லிடறேன். அடுப்புல பால் இருக்கு. உங்க அக்கா போன் பண்ணினா, சாயங்காலம் பேசறேன்னு நீங்களே சொல்லிடுங்க. அப்புறம், போன வாரம் என் தங்கச்சியைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

"அது போன வாரமே முடிஞ்சு போச்சே!"

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும்."

கொழுந்தியாளுக்காக அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முடிஞ்சுதா? இனிமே ஒரு மணி நேரம் இந்த வீட்டுல எனக்கு நிம்மதி."

அவள் புருவம் சிரித்தது. பிறகு இறங்கியது.

"ஏங்க, இதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா, திங்கட்கிழமை நான் என்ன பண்ணுவேன்?"

திங்கட்கிழமை மட்டுமா என்று அவர் மனசு கேட்டது. அதைச் சொல்லாமல் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒயரைப் பிடுங்கினார்.

வீடு அமைதியானது.

பழைய கூட்டைப் பிரித்தார். பலகையை ஓரங்களில் பிடித்துத் தூக்கினார். எத்தனையோ பேருடைய கண்ணாடியைக் கழற்றி மாட்டிய கை, இன்று ஒரு திருகாணிக்குத் தவித்தது.

"சிவப்பு ஒயர் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

டீச்சர் இடது பக்கத்தைக் காட்டினாள்.

"பேட்டரி ஆடுதா பாரு."

குலுக்கிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள்.

"என்னைக் கிண்டல் பண்ண ஒண்ணுமே தோணலையா உனக்கு?"

அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவருக்கு அது போதவில்லை. ஆசைப்பட்டுக் கேட்ட நிம்மதி கொஞ்சமும் பிடிக்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திருகாணிகளை முடுக்கி, மூடியை மூடி, சுவிட்சைப் போட்டார்.

விளக்கு எரியவில்லை.

டீச்சரின் முகம் வெளுத்தது. அவர் மறுபடி திறந்தார். ஒவ்வொரு ஒயராகத் தடவினார். பேட்டரியின் ஒயரைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தார். அழுத்தினார், மூடினார், கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஏதாவது சொல்லு. திட்டு. என் தங்கமில்ல, நாலு வார்த்தை திட்டேன்."

தொண்டை ஆபரேஷனில் பேச்சை இழந்திருந்த டீச்சர் கீபோர்டை மடிக்கு இழுத்துத் தட்டினாள். அவளுடைய பழைய பாடப் பதிவுகளிலிருந்து கோத்தெடுத்த அவளுடைய குரல் பைனாகுலர் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. "முதல்ல கண்ணாடியைக் கழட்டித் துடைங்க. எதிர்ல உக்காந்திருக்கிற பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கா ஒரு மனுஷன் அழுவாரு?"