கச்சான்தீவின் சடங்குப் போட்டி

1985 தை மாதக் குளிர். ஜெர்மனியின் ஹம் நகர அகதி விடுதியில் யார் முதலில் குளிப்பதென்று விமலநாதனும் தவராசாவும் ஈரத் துவாயால் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் வந்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். இருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஜெர்மன் தெரிந்த சிறீதரன் அவரோடு பேசிவிட்டுத் திரும்பினான்.

"சண்டையெண்டால் ரெண்டு பேரையும் வேற வேற ஊருக்கு அனுப்பிப்போடுவாராம். இது கச்சான்தீவு எண்ட நாட்டின்ர சடங்குப் போட்டியெண்டு சொல்லிப்போட்டன். நிப்பாட்டாதேங்கோ!"

விமலநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி அடித்தான். தவராசா ஊளையிட்டான். பொறுப்பாளர் கைதட்டி ரசித்தார். அரை மணி நேரம் போனது.

சிறீதரன் ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தான்.

விமலநாதன் துவாயை இறக்கினான். "டேய், அவர் உண்மையில என்ன சொன்னவர்?"

"இண்டைக்குச் சுடுதண்ணி அரை மணித்தியாலந்தான் வருமாம்."