நான்கு மணிக்குள் ஒரு கணினி

விசிறி சுற்றியது. விளக்கும் எரிந்தது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

'சிக்னல் இல்லை' என்ற ஒரு சின்னப் பெட்டி அந்த இருட்டில் மிதந்தது. அங்குமிங்கும் நகர்ந்தது. தூக்கம் வந்ததுபோல அணைந்தது.

மணி மூன்று நாற்பது.

கண்ணாடிக் கடையில் ஃப்ரேம்களுக்குத் திருகாணி முடுக்குவது அவள் வேலை. எறும்புத் தலை அளவுத் திருகாணிகூட அவள் விரலுக்கு அடங்கும். ஆனால் ஒரு கணினியைத் தன் கையால் பூட்டுவது இதுதான் முதல் தடவை. அதுவும் விளையாட்டுக் கணினி. அதுவும் நாற்பத்து நாலு வயதில்.

"அக்கா, என்னாச்சு? புகை எதுவும் வரலையே?"

டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து ஒரு பெண் கேட்டாள். முகம் இல்லை, குரல் மட்டும்தான். அதுவும் ரகசியம் பேசுகிற குரல். அவளைவிட எட்டு வயது இளையவள். எதை மலிவாக வாங்கலாம், எதில் கஞ்சத்தனம் கூடாது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்தவள். விளையாட்டையும் மற்றதையும் ஏற்றி, எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சில்லைக் கூரியரில் அனுப்பியவளும் அவள்தான்.

"புகை வரலை. படமும் வரலை."

"புகை வரலேன்னாலே பாதி ஜெயிச்சாச்சு. பதறாதீங்க."

பதறாமல் எப்படி இருப்பது?

பதினொரு வயது மகள் வேறு ஊரில் அப்பாவோடு இருக்கிறாள். இருவரும் பிரிந்த சமயம், யாரோடு இருக்கப்போகிறாய் என்று கேட்டபோது, "வீட்டுலயே இருக்கேன்" என்றாள். வீடு அப்பாவுடையது.

ஞாயிறுதோறும் காலையில் பத்து நிமிடம் போனில் பேசுவாள். பேசுவாள் என்றால், கேட்டதற்கெல்லாம் 'ம்' சொல்வாள். சாப்பிட்டாயா, ம். பரீட்சை முடிந்ததா, ம்.

இன்று காலை முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் வந்தது.

"இனிமே மாசத்துக்கு ஒரு தடவை பேசினா போதும்மா."

அந்த 'ம்'காரி வாய் ஓயாமல் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். ஞாயிறு நாலிலிருந்து ஐந்துவரை அவள் விளையாடுகிற விளையாட்டு. சண்டை கிடையாது. ஒரு தீவு. அதில் வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், சும்மாவும் நிற்கலாம்.

சும்மா நிற்க முடிந்தால் போதும் அவளுக்கு. மகள் பக்கத்தில்.

திறந்திருந்த பெட்டிக்குள் மதர்போர்டுப் பலகையைக் குனிந்து பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் எங்கோ உயரத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். கீழே ஒரு கறுப்பு ஊர். மினுங்குகிற மெல்லிய தெருக்கள், மொட்டை மாடிகள், ஆளில்லாத மைதானங்கள். அந்தத் தெருக்களில் ஏதோ ஒன்று சுற்றி வளைத்துத் தீவுக்குப் போகிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் சாய்ந்தபோது, ஒரு குழந்தை தெருவில் ஓடுவதுகூடத் தெரிந்தது.

தூசிதான். ஆனாலும் அவள் ஊதவில்லை.

"அக்கா, மானிட்டர் வயரை எதுல செருகினீங்க?"

"பின்னாடி, மேல இருக்கற ஓட்டையில."

"கிராபிக்ஸ் கார்டுலதான செருகச் சொன்னேன்? கீழ, படுத்த மாதிரி இருக்குமே, அதுல."

"அதையெல்லாம் மூடி போட்டு அடைச்சிருக்கே."

போனில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

"அது தூசிக்குப் போட்ட மூடிக்கா! சரிதான், ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் கவரைக் கழட்டாத ஆளாச்சே நீங்க."

மறுக்க முடியாது. உறையைப் பிரித்த அன்றே எதுவும் பழசாகத் தொடங்கிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். மகளிடம் சொல்ல வேண்டியவற்றைக்கூட அப்படித்தான் வைத்திருந்தாள், என்றோ ஒரு நல்ல நாளுக்காக, கசங்காமல்.

மூடியைக் கழற்றினாள். வயரை மாற்றிச் செருகினாள்.

இருட்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு விடிந்தது.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல அழுத்தினாள். மணி நாலைத் தொட்டபோது கடல் வந்தது. மணல் வந்தது. தீவிலும் அப்போது பிற்பகல்தான். அறையில் விழுந்த வெயில் எங்கே முடிகிறது, தீவின் வெயில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

தூரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு, கல்மேல் கல்லாக அடுக்கிக்கொண்டிருந்தது.

நடக்க எதை அழுத்துவது என்று மறந்துபோயிற்று. எதையோ அழுத்தினாள். நின்ற இடத்திலேயே குதித்தாள்.

"தெரியறாளாக்கா?"

"தெரியறா."

"இருங்க, நான் போய்ச் சொல்றேன். போனை வச்சிடாதீங்க."

போனில் நாலு எட்டு நடக்கிற சத்தம். ஒரு கதவு தரையில் உரசிக்கொண்டு திறந்தது.

அந்தக் கதவு அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அடிப்பக்கம் உப்பிக்கொண்டு இப்படித்தான் உரசும். ஒன்பது வருடம் தினமும் திறந்து மூடியிருக்கிறாள்.

"உன்னைப் பாக்க அம்மா வந்திருக்காங்க" என்றாள் அந்தப் பெண். இப்போது ரகசியக் குரல் இல்லை.

"எங்க, சித்தி?"

தீவில் கல் அடுக்குவது நின்றது. சிவப்புத் தொப்பி மெல்லத் திரும்பியது.