ஹஸீபா நினைவு நிதி

முன்வரிசையில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்த்ததும் மேடையிலிருந்த மைமூன் பீவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவனேதான்!

"என்னா, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" பக்கத்திலிருந்த கணவர் சலாஹுதீன் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல. புழுக்கமா இருக்கு."

அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர் சவுதியில் இருந்தார்.

கருங்கல் போகும் ரோட்டில் கொட்டுகிற மழை. ஏறிவந்த ஆட்டோ பாதிவழியில் நின்றுபோயிற்று. நிறைமாதக்காரி ஹஸீபாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. மகளை மடியில் கிடத்திக்கொண்டு, எதிரே வந்த காரைக் கைகாட்டி நிறுத்தினாள் மைமூன் பீவி.

கண்ணாடியை இறக்கி அவன் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"சீட் கவர் புதுசாக்கும். ரத்தமாயிரும். வேற வண்டி பாருங்க."

வேறு வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையும் தப்பவில்லை.

அவள் பெயரில்தான் இந்த நிதி. கிராமத்து ஜனங்களுக்கு நேரத்தில் வைத்தியம் கிடைக்க வழிசொல்லும், இந்தக் கல்லூரி முதுகலை மாணவர்களின் திட்டத்துக்குப் பெற்றவர்கள் இருவரும் வருஷாவருஷம் கொடுக்கிறார்கள்.

"இந்த வருஷம் ரிஜோவின் திட்டம் தேர்வாகியிருக்கிறது" என்று பேராசிரியை ஜாஸ்மி அறிவித்தார்.

பையன் மைக்கைப் பிடித்தான்.

"எங்க பக்கத்து ஊருகள்ல உள்ள கார், ஆட்டோ, ஜீப் டிரைவர்கள் எல்லாரையும் ஒரே போன் நம்பர்ல சேக்கப் போறேன். பிரசவமோ, பாம்புக்கடியோ, யாரு கூப்பிட்டாலும் பக்கத்துல நிக்கற வண்டி உடனே போகும். எங்கப்பா ஜான்ரோஸும் கார் டிரைவர்தான். சீக்காளிண்ணு யாரு கைகாட்டினாலும் இல்லண்ணு சொல்லமாட்டாரு. அவரப் பாத்துதான் எனக்கு இந்த யோசனையே வந்துது. அப்பா, மேடைக்கு வாங்க!"

முன்வரிசையிலிருந்து அவன் எழுந்தான்.

அரங்கமே கைதட்டியது. மைமூன் பீவி மட்டும் தட்டவில்லை.

இவனா இல்லையென்று சொல்லமாட்டான்? கேட்டுவிட வேண்டியதுதான். இத்தனை பேர் முன்னால், பெற்ற மகன் முன்னால், இந்த மைக்கிலேயே!

சடாரென்று எழுந்து நின்றாள்.

சிரித்தபடி மேடையேறிய ஜான்ரோஸ் அவள் முகத்தைப் பார்த்தான். நின்றுவிட்டான். பின்னாலிருந்த பேனரில் ஹஸீபாவின் படம். அதன் கீழே 'நினைவு நிதி' என்றிருந்ததைப் படித்தான்.

"உம்மா..." அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். "அந்தப் பிள்ள பொழைக்கல்லியா?"

அவள் பேனரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாலம் வரைக்கும் போனேன். மனசு கேக்கல்ல. வண்டியத் திருப்பிட்டு வந்தேன் உம்மா, உங்களக் காணல்ல. எப்படியும் ஆஸ்பத்திரி போய்ச் சேந்திருப்பியண்ணு நெனச்சேன்." கண் நிறைந்து வழிந்தது. "அதுக்குப் பொறவு ஒருத்தரையும் ரோட்டுல விட்டுட்டுப் போனதில்ல. ஆனா செஞ்சது செஞ்சதுதான். இவன்கிட்ட நானே சொல்லிருதேன்."

ஜான்ரோஸ் மகன் பக்கம் திரும்பினார். மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

ரிஜோ எதையும் கவனிக்கவில்லை. அவன் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்த அக்காவுக்கு என்ன ஆச்சு? நேரத்துக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோக முடியல்லியா?"

மைமூன் பீவி ஜான்ரோஸைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனின் தலையில் கைவைத்தாள்.

"அண்ணைக்கு அந்த வழியா ஒரு வண்டியும் வரல்ல மக்கா."